ஒரு சாண் இருமல்

நான் வேலையில் இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் வெட்டி எடுத்த இருமல்களை ஒன்றோடொன்று ஒட்டினால், மாத்தளையிலிருந்து பதினைந்து மைல் தள்ளியிருக்கும் நாலந்தா வரைக்கும் டேப் நீளும். அளந்து பார்த்துச் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். ஆனாலும் பெரிய பொய்யாக இருக்காது. இருமல், தும்மல், தாள் புரட்டும் சத்தம், கதிரை முனகுவது, அறிவிப்பாளர் எச்சில் விழுங்குவது, இதையெல்லாம் பிடித்து வெட்டுவதுதான் வானொலியில் என் உத்தியோகம்.

என்னோடு வேலை செய்த பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்களுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். "மரகதம் அக்கா, உங்க பொற்காலத்தைப் பத்தி ஒரு கட்டுரை தாங்க" என்று போனில் கேட்டார்கள். பொற்காலமாவது மண்ணாங்கட்டியாவது! நான் சரியாகச் செய்ததை எல்லாம் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். வேலையை விட்டு வந்த பிறகு, சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிழை செய்தேன். அதை எழுதுகிறேன். போடுவதென்றால் போடட்டும்.

அதற்கு முதலில் விமலசேன சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் மாத்தளைக்காரி. அப்பா டவுனில் சாக்குக் கடை வைத்திருந்தார். வானொலிக்கு ஒலிப்பதிவு உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டேன், எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் வயர் சுற்றினேன், மைக் துடைத்தேன், ஏச்சு வாங்கினேன். பயிற்சி அவ்வளவுதான். பிறகு என்னை விமலசேன சேரின் அறைக்கு அனுப்பினார்கள்.

அவர் சிங்களவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது வணக்கம், சோறு, போதும் என்ற மூன்று சொற்கள்தான். அந்த மனிதர்தான் எங்கள் தமிழ் நாடகங்களைக் கேட்டு, ஒலிபரப்பலாமா கூடாதா என்று சொல்வார். சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் அறைக்குள் வருவார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நான் முதல் நாள் நினைத்தேன். திடீரென்று கையைத் தூக்கி, "இந்த ஆள் பேசவில்லை, பார்த்து வாசிக்கிறான்" என்பார் சிங்களத்தில். திருப்பிப் போட்டுப் பார்த்தால் சரியாக அந்த இடத்தில் ஒரு தாள் புரளும். மொழி தெரியாத மனிதருக்கு மூச்சு தெரிந்திருந்தது.

அந்தக் காலத்து வேலை இப்படி. ஒரு செக்கனுக்கு ஏழரை இஞ்சி டேப் ஓடும். சாதாரண இருமல் ஒன்று ஒரு சாண். மூச்சு என்றால் நாலு விரல். ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சத்தம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகு அலுமினியக் கட்டையில் டேப்பைப் படுக்க வைத்து, சவர பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. இரண்டு முனையையும் சேர்த்து ஒட்ட வேண்டும். இதை ஒரு மாதத்தில் எந்தக் கழுதையும் பழகிவிடும்.

பழக முடியாதது அதற்குப் பிறகுள்ளது. வெட்டிய துண்டைக் குப்பையில் போட அவர் விடமாட்டார். அந்த ஒரு சாண் துண்டைத் தனியாக மெஷினில் சத்தம் எடுக்கும் ஹெட்டில் வைத்து, கையால் இழுத்துக் கேட்க வேண்டும். கேட்டு, இன்ன நாடகம், இன்ன இடம் என்று எழுதி ஒட்டி, அவருடைய பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். நிகழ்ச்சி ஒலிபரப்பாகி ஒரு கிழமை போகும் வரை அது அங்கே கிடக்கும்.

"வெட்டுவது உன் வேலை. எறிவது உன் வேலை இல்லை" என்பார்.

ஒருதரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில்தான். "இருமலில் கேட்பதற்கு என்ன சேர் இருக்கு?" என்று கேட்டேன். அவர் டின்னைத் திறந்து, முந்தின நாள் நான் வெட்டிய துண்டு ஒன்றைத் தேடி எடுத்தார். புருஷன் செத்த செய்தி கேட்டு ஒரு பெண் அழும் காட்சி அது. நடிகை மூக்கை உறிஞ்சி மூச்சு வாங்கியதை நான் அழகாக வெட்டி எடுத்திருந்தேன். அவர் அதை ஹெட்டில் வைத்து இழுத்தார். "மூச்சு வாங்காமல் அழுகிற மனுஷியை நீ எங்கே கண்டாய்?" என்றார். அவரே உட்கார்ந்து அந்த நாலு விரல் டேப்பைத் திரும்ப ஒட்டினார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. நானும் மூச்சு வாங்கித்தான் அழுதேன்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் டின்னை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இன்றைக்கும் என் குசினியில் இருக்கிறது. மாத்தளைக்காரி வீட்டில் டின் சும்மா இருக்குமா, ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சத்தம் படமாகிவிட்டது. இருமல் வந்தால் திரையில் ஒரு பச்சை மேடு, மூச்சு வந்தால் ஒரு சின்ன மேடு. மௌசால் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். சும்மா சொல்லக்கூடாது, கை நோவு குறைந்தது, எனக்கும் பிடித்திருந்தது. டின் வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் 'டின்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, வெட்டியதை எல்லாம் அதற்குள் போட்டேன். தனியாகக் கேட்கிற வழக்கம்தான் எப்போது விட்டுப்போனதென்று தெரியாமல் விட்டுப்போனது.

ஓய்வுபெற்று நானும் என் வீட்டுக்காரரும் மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரைக்கு வந்து வீடு கட்டி இருந்தோம். எனக்குப் பிரஷர். மாதம் ஒருதரம் டவுனில் ஒரு ஃபாமசிக்கு மாத்திரை வாங்கப் போவேன். அங்கே வேலை செய்யும் ரேவதி ஒருநாள் மாத்திரையைக் கையில் தராமல் பிடித்து வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஆன்ட்டி, நீங்க ரேடியோவில சவுண்ட் வேலை செஞ்சீங்களாமே? நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு ஆல்பம் பண்றோம். எங்க மொத ஆல்பம். வைனில்ல போடப் போறோம். கடைசியா ஒருதரம் கேட்டு, தட்டுல போடுற மாதிரி சரிபண்ணித் தரணும்."

"வைனிலா? உங்க வீட்டுல ரெக்கோட் பிளேயர் இருக்கா?"

"இல்ல."

"மத்த ரெண்டு பேர் வீட்டுல?"

"யார் வீட்டுலயும் இல்ல ஆன்ட்டி."

"அப்ப யாரு கேக்குறதுக்குப் போடுறீங்க?"

"உங்க வீட்டுல இருக்குன்னு அங்கிள் சொன்னாரு." சிரித்தாள். பிறகு, "போன்ல போட்டா அரைவாசி கேட்டுட்டுத் தள்ளிட்டுப் போயிருவாங்க. இதுல ஊசிய வெச்சா உக்காந்து கேக்கணும்ல?" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது.

அவர்கள் குழுவின் பெயர் 'கொக்கோ ஸ்டோர்'. அலுவிகாரைக்கு அப்பால் பழைய தோட்டம் ஒன்றில் கொக்கோ காயவைத்த தகரக் கட்டடம் சும்மா கிடந்தது. அதற்குள்தான் பயிற்சி, பதிவு எல்லாம். மிளகு வியாபாரி ஒருவரின் மகன் அஸ்மி, கிட்டாரை வயலின் வில்லால் இழுப்பான். தரிந்து என்ற சிங்களப் பையன், சுளகில் மிளகு புடைக்கும் சத்தத்தைப் பதிந்து, அதை மெதுவாக ஓடவிட்டு, அதன்மேல் தாளம் கட்டுவான். ரேவதி பாடுவாள். சில இடங்களில் பாடாமல், மருந்துப் பெயர்களை வரிசையாக வாசிப்பாள். முதல்தரம் கேட்டபோது, இது என்ன கருமமடா என்று இருந்தது. இரண்டாம்தரம் கேட்டேன். மூன்றாம்தரம் யாரும் கேட்கச் சொல்லாமலே கேட்டேன்.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு பதினொரு நிமிஷம். அதில் ரேவதியின் அப்பா வேலாயுதம் தப்பு அடிக்க வேண்டும். தோட்டத்தில் திருவிழாவுக்கும் சாவுக்கும் அடித்த கை. பதிவன்று நானும் போனேன். காய்ந்த இலையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒல்லி ஆள், நெஞ்சுக்குள் சளி. நிமிஷத்துக்கு ஒருதரம் இருமல்.

பழக்கதோஷம், நான் போய்ச் சொல்லிவிட்டேன். "ஐயா, அடிக்கிறப்ப இருமக் கூடாது. ஒரு இருமல் வந்தாலும் முழுசையும் திரும்ப அடிக்க வேண்டி வரும்."

"சரிங்கம்மா" என்று எழுந்து நின்று சொன்னார். எனக்கு வீட்டில் வேலை இருந்தது, கிளம்பி வந்துவிட்டேன். இருந்து கேட்டிருக்கலாம்.

இரண்டு கிழமை கழித்து முழு ஆல்பமும் என் கைக்கு வந்தது. தட்டு அடிக்கும் கம்பனி வெளிநாட்டில் இருந்தது. பக்கத்துக்கு ஒரு ஃபைலாக, இன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டும். பிந்தினால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து வேலாயுதத்துக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ரேவதிக்குப் போன் எடுத்தேன்.

"கடைசிப் பாட்டுல சத்தம் கொஞ்சம் கெடக்கு. துப்புரவாக்கட்டா? ஒருக்கா கேட்டுச் சொல்றியா?"

"எனக்கு இப்ப எதுவும் கேக்க முடியாது ஆன்ட்டி. நீங்க சரின்னா சரி. உங்க காத நம்புறேன்."

மூன்று பின்னேரங்கள் உட்கார்ந்து வேலை செய்தேன். தகரத்தில் காய் விழும் சத்தம், தூரத்துப் பஸ் ஹோர்ன், வேலாயுதத்தின் இருமல், எல்லாம் திரையில் மேடு மேடாகத் தெரிந்தன. தட்டினேன், போயின. இருமல் மட்டும் ஒன்பது துண்டு. 'டின்' ஃபோல்டருக்குள் போட்டேன். சொன்ன தேதிக்கு ஒருநாள் முந்தி அனுப்பினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கிழமை வேலாயுதம் செத்துப்போனார்.

சில மாதங்களில், சரிபார்க்கச் சொல்லி சோதனைத் தட்டுகள் பார்சலில் வந்தன. நாங்கள் சரி என்று எழுதினால்தான் மிச்சத்தை அடிப்பார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் எல்லாரும் கூடினோம். ரேவதி, அவள் அம்மா, அஸ்மி, தரிந்து, நான், என் வீட்டுக்காரர். அஸ்மி பிரியாணி கொண்டுவந்திருந்தான். முதல் பக்கம் முடிந்ததும் பொடியன்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கடைசிப் பாட்டு வந்தது. ரேவதி தரையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தப்பு அதிர்ந்தது. அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நடுவில் ஓரிடத்தில் தப்பு நின்று, கிட்டார் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் மௌனம். அந்த இடத்தில் ரேவதி தலையை நிமிர்த்திக் காத்திருந்தாள். கிட்டார் வந்துவிட்டது. அவள் எழுந்து ஊசியைத் தூக்கி, பின்னால் வைத்து, மறுபடி கேட்டாள். மறுபடியும் கிட்டார்தான் வந்தது.

"ஆன்ட்டி, அப்பா எங்க?"

"என்ன புள்ள கேக்குற? அடிக்கிறாரே!"

"அடி இருக்கு. அப்பா எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கக் கோபம்தான் வந்தது. "இருமலையா கேக்குற? இருமல் ஒரு பாட்டா? முப்பத்திரண்டு வருஷம் நான் இந்த வேலையத்தான் செஞ்சேன்" என்று கத்திவிட்டேன். செத்துப்போன மனிதரின் பெண்சாதியை வைத்துக்கொண்டு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ரேவதி அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பிக்கொண்டு போய்விட்டாள். பொடியன்களும் பின்னாலேயே போனார்கள். பிரியாணி அப்படியே இருந்தது.

அடுத்தமுறை ஃபாமசிக்குப் போனபோது, மாத்திரையை உறையில் போட்டு, காலையில் ஒன்று என்று எழுதி, முகத்தைப் பார்க்காமல் தள்ளினாள். என்னோடு பேச அன்றைக்கு மாத்திரையைப் பிடித்துவைத்த அதே கைதான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

"கண்ணால கண்டதும் பொய், காதால கேட்டதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் என் வீட்டுக்காரர், என்னைத் தேற்ற.

"என் தொழில்ல காதால கேட்டது மட்டுந்தான் மெய்" என்றேன்.

"அப்ப நீ அதக் கேட்டியா?"

அவருக்குத் தேத்தண்ணிக்கு ஏலம் எடுக்கத்தான் கையில் டின்னை வைத்திருந்தேன். அப்படியே வைத்துவிட்டு அறைக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன். ஹெட்போனைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்பது துண்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

ஆறு துண்டு வெறும் இருமல். ஏழாவதும் அப்படித்தான் தொடங்கியது. வறட்டு இருமல், சரியாக ஒரு சாண். அது முடிந்து, தப்பின் அதிர்வு அடங்குகிற இடத்தில், மெல்லிய குரலில் வேலாயுதம் பேசுகிறார். "இருமிட்டேன் புள்ள. அந்தம்மா ஏசுவாங்க."

அதற்குப் பின்னால் மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அதில் ரேவதியின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. பிறகு ஒரு குச்சி தப்பில் மெல்லத் தட்டுகிறது.

ஐயோ, என் காதே! திரையில் அது ஒரு நூல் கோடு. இருமலின் வால் என்று நினைத்துச் சேர்த்து வெட்டியிருக்கிறேன். எனக்குப் பயந்து அந்த மனிதர் பேசிய பேச்சை, நானே கேட்காமல் வெட்டிப் போட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். இரண்டு மூன்று பேர் மருந்துத் துண்டோடு காத்திருந்தார்கள். இருக்கட்டும் என்று, அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

"ரேவதி, அப்பா என்னைப் பத்திப் பேசினத நேத்துத்தான் கேட்டேன்."

அவள் கை நின்றது. "நேத்தா?" என்றாள். "நீங்க அப்பவே கேட்டு, கோவத்துல வெட்டிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்? அப்பா உங்கள நக்கல் பண்ணலங்க ஆன்ட்டி. நெசமாவே பயந்துட்டாரு."

கோபத்தில் வெட்டியதாகவே இருந்திருந்தால் நல்லது என்று அந்த நேரம் தோன்றியது. கோபக்காரி என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. நான் சொல்ல வேண்டியிருந்தது அதைவிடக் கேவலமானது.

"நான் கேக்கவே இல்ல புள்ள. கண்ணால பார்த்து வெட்டிட்டேன்."

"கேக்காமயா?"

"கேக்காமத்தான். உங்க காத நம்புறேன்னு சொன்ன. நான் அதப் பாவிக்கவே இல்ல. என்னை மன்னிச்சிரு."

என் வாழ்க்கையில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. விமலசேன சேரிடம்கூட. பின்னால் நின்றவர் ஒருவர் செருமினார். ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது இன்னும் இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஒன்பதும் இருக்கு."

இரண்டாம் பக்கத்தைப் புதிதாக அடித்துத் தரச் சொல்லிக் கம்பனிக்கு எழுதினோம். பிந்தும் என்றார்கள். பிந்தட்டும் என்றாள் ரேவதி. நான் எடுத்த எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே வைத்தேன். பஸ் ஹோர்னையும் வைத்தேன். பஸ் ஹோர்ன் நன்றாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் செய்தோம். இசைத்தட்டு முடிந்த பிறகு, ஊசி நடுவில் ஒட்டிய தாளின்மேல் ஏறிவிடாமல் இருக்க, கடைசியில் ஒரு வட்டம் தனியாக இருக்கும். ஊசி அதற்குள் விழுந்தால் யாராவது தூக்கும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வழக்கமாக அந்த வட்டத்தில் எதுவும் இருக்காது. வேண்டுமென்றால் அதிலும் சத்தம் வைக்கலாம் என்று சொன்னேன். அதில் பிடிப்பது இரண்டு செக்கனுக்கும் குறைவு. பழைய டேப் கணக்கில் ஒன்றரைச் சாண்.

"இருமல் வைக்கவா, பேச்சு வைக்கவா? ரெண்டும் முழுசாக் கொள்ளாது" என்றேன்.

ரேவதி யோசித்தாள். "இருமல்ல பாதி போதும். பேச்சுல கடைசி ரெண்டு சொல் முழுசா வேணும்."

இருமலில் அரைச் சாண், பேச்சில் ஒரு சாண். கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுக் கேட்டு வெட்டினேன். அவ்வளவு சின்ன வேலைக்கு ஒரு முழுப் பகல் போனது.

போன மாதம் தட்டுகள் வந்தன. பழையபடி எங்கள் முன்னறையில் அதே ஆட்கள். இந்தமுறை பிரியாணியை முதலில் சாப்பிட்டோம். கடைசிப் பாட்டின் நடுவில், அந்த மௌனத்தில் வேலாயுதம் இருமினார், பேசினார், பிள்ளைகள் சிரித்தார்கள். அறையிலும் சிரித்தார்கள். பாட்டு முடிந்தது. ஊசி உள்ளே நகர்ந்து கடைசி வட்டத்தில் விழுந்தது.

அரை இருமல். "அந்தம்மா ஏசுவாங்க."

அரை இருமல். "அந்தம்மா ஏசுவாங்க."

என் வீட்டுக்காரர் ஊசியைத் தூக்க எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எத்தனைதரம் சுற்றியது என்று நான் எண்ணவில்லை.

ரேவதியின் அம்மாதான் பேசினார். ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னார்.

"ஏச மாட்டாங்க. நீங்க அடிங்க."

வேலாயுதம் நம்பவில்லை. திரும்பவும் அதையேதான் சொன்னார்.